டேட்டா என்றால் நெட் பேக் இல்லை: ஒரு வைண்டிங் கடை நோட்டும் சில கணினிச் சொற்களும்

"போன்ல டேட்டா தீர்ந்துபோச்சுன்னு வருது மாப்ள, அப்ப என் நோட்டு போட்டோவெல்லாம் போயிருச்சா?" என்று மாமா கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, தினமும் பத்து முறை புழங்கும் சொல்லுக்கு ஒரு வரியில் அர்த்தம் சொல்ல எனக்கும் வரவில்லை. இல்லைங்க மாமா, அது வேற டேட்டா, இது வேற டேட்டா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்து எழுதியதுதான் இது. கணினி புதிது என்பவர்களுக்கு, அல்லது புதிதில்லை ஆனால் மீட்டிங்கில் யாராவது மெட்டாடேட்டா, டேக்சானமி என்று பேசும்போது தலையாட்டிவிட்டு வருபவர்களுக்கு.

மாமாவுக்குக் கோவைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்பு மோட்டாரைக் கழற்றி, கருகிய காயிலை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பார். ஒவ்வொரு மோட்டாரைப் பிரிக்கும்போதும் அதில் எத்தனை ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, அதாவது எவ்வளவு தடிமன், என்று எண்ணி நோட்டில் எழுதிவிடுவார், ஏனென்றால் அதே ரக மோட்டார் அடுத்த கோடையில் வேறு தோட்டத்திலிருந்து வரும். அப்படி முப்பது வருட நோட்டுகள், பாதிக்கு அட்டை இல்லை, எண்ணெய்க் கறை. அதை போனில் படம் எடுத்து வைக்கலாம் என்று ஆரம்பித்தது என் வேலை. இந்தச் சொற்கள் எல்லாமே அந்த நோட்டு வழியாகத்தான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தன.

நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: 5, 24, 38, 20. இதுதான் தரவு, அதாவது டேட்டா. வெறும் எண்கள். உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் புரியாது. 5 எச்பி மோட்டார், 24 ஸ்லாட், ஒரு காயிலுக்கு 38 சுற்று, 20ஆம் கேஜ் கம்பி என்று படித்தால் அது தகவல். எண் மாறவில்லை, எந்த எண் எதற்கு என்பது மட்டும் சேர்ந்திருக்கிறது. அறிவு இந்த இரண்டிலும் சேராது. மூன்று பேஸ் மோட்டார் ஒன்று எரிந்து வருகிறது, மாமா மூடியைக் கழற்றிப் பார்க்கிறார், காயில் எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் "லோடு தாங்கல" என்கிறார், சில காயில்கள் மட்டும் கருகி நடுநடுவே மற்றவை புதுசு மாதிரி பளபளவென்று இருந்தால் "ஒரு பேஸ் போயிருக்கு, போய் பியூஸைப் பாருங்க, இல்லன்னா மறுபடியும் எரியும்" என்கிறார். மூன்று பேஸ் காயில்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைப்பார்கள். ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் வராமல் போனால் இரண்டு பேஸின் காயில்கள் எரிந்து ஒன்று தப்பிக்கும், டெல்டாவில் பெரும்பாலும் ஒன்று எரிந்து இரண்டு தப்பிக்கும். அந்தக் கணக்கு நோட்டில் எங்கேயும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் நோட்டைப் பார்த்து சரியாகச் சுற்றிக் கொடுத்த மோட்டாரும் ஒரே வாரத்தில் திரும்பி வரும்.

அப்புறம் அந்த 'ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா' என்ன? தரவு போய்வரும் பாதைக்குக் கட்டும் சுங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் தீர்ந்துவிட்டால் வண்டி நின்றுவிடும், இல்லையென்றால் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். வீட்டிலிருக்கும் சாமான் எங்கேயும் போகாது. மாமாவின் படங்கள் போனிலேயே பத்திரமாக இருந்தன.

நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்தால் போனில் ஒரு கோப்பு, அதாவது ஃபைல், உருவாகிறது. அந்தப் படத்தோடு படத்தைப் பற்றிய விவரமும் ஒட்டிக்கொண்டு வரும்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கேமரா, லொகேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம் என்பது வரைக்கும். இதற்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர், தமிழில் மீதரவு. தரவைப் பற்றிய தரவு என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் கேட்பவர் முகம் மாறாது. அரிசி மூட்டையின் மேல் ரகம், எடை, ஆலை பெயர் எழுதித் தைத்திருக்கும் சீட்டு என்று சொல்லுங்கள், உடனே புரியும். சீட்டு அரிசி இல்லை, ஆனால் சீட்டு கிழிந்த நாற்பது மூட்டையை அடுக்கி வைத்துவிட்டு பொன்னி எது, இட்லி அரிசி எது என்று தேடிப் பாருங்கள். ஒரு விஷயம், வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் இந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் சீட்டோடு போகும். வீட்டுப் படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும்போது இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

படம் எடுத்து முடித்த பெருமையில் மாமாவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சரி, 7.5 எச்பி கிணத்து மோட்டார் எங்க இருக்குன்னு தேடு பார்ப்போம்." தேடினேன். ஒன்றும் வரவில்லை. வராது. ஏனென்றால் போனைப் பொறுத்தவரை அது எழுத்தே இல்லை, வெள்ளையில் நீலக் கோடுகள் உள்ள ஒரு படம். மனிதக் கண்ணுக்குத்தான் அது எழுத்து. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் தேடினால் பல நேரம் எதுவும் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கு ஓசிஆர் என்று பெயர், எழுத்துணரி என்றும் சொல்கிறார்கள். அச்சடித்த தமிழை இப்போது நன்றாகவே படிக்கிறது. எண்ணெய்க் கையால் எழுதிய மாமாவின் கையெழுத்துக்கு முன்னால் அது கையைத் தூக்கிவிட்டது. கடைசியில் நானே தட்டச்சு செய்தேன்.

தட்டச்சு என்றதும் இன்னொரு கதை. மாமா பத்து வருடத்துக்கு முன்பே கொஞ்சம் பக்கங்களைப் பக்கத்து டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வைத்திருந்தார். அந்த ஃபைலைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. அடித்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஒப்பந்தத்துக்குத்தான் என்கோடிங், குறியாக்கம் என்று பெயர், ஒரு காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு ஒப்பந்தம் இருந்தது. ஒருங்குறி, அதாவது யூனிகோட், வந்த பிறகு உலகத்தில் எந்தக் கணினியிலும் 'த' என்பதற்கு ஒரே எண்தான். தமிழுக்கு என்று 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், எல்லாம் நிரம்பவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும், ஆக மொத்தம் 15 பைட். பைட் என்பது 8 பிட், பிட் என்பது ஒரு சுவிட்ச் மாதிரி, 0 அல்லது 1. பழைய எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழில் அடித்தால் 70இலேயே முடிந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இடம் 140 பைட்தான். ஆங்கில எழுத்தை 7 பிட்டில் அடக்கிவிடுவார்கள், அதனால் 160. தமிழுக்கு அங்கே தலைக்கு 2 பைட், அதனால் 70. அந்த 70இலும் கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி ஆளாகக் கணக்கில் சேரும்.

சரி, ஒருங்குறியில் அடித்தாகிவிட்டது, இனி தேடினால் வருமா? 'கிணறு' என்று தேடினேன். ஆறு வரி வந்தது. மாமாவின் நோட்டில் கிணற்று மோட்டார் நூற்றுக்கு மேல் இருக்கும் என்று எனக்கே தெரியும். காரணம் சுலபம், அவர் எழுதியது 'கிணற்று மோட்டார்', 'கிணற்றில் விழுந்தது', 'கிணத்து பம்பு'. ஆங்கிலச் சொற்கள் ஓரளவுக்கு அப்படியே நிற்கும், நம் சொற்கள் வேற்றுமை ஏறினால் உருவம் மாறிவிடும்: வீடு வீட்டில், ஆறு ஆற்றை, மரம் மரத்துக்கு. சாதாரணத் தேடல் பெட்டி இலக்கணம் படித்ததில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். சொல்லை அதன் அடிவடிவத்துக்குக் கொண்டுபோய்த் தேடும் வேலையை ஸ்டெம்மிங் என்கிறார்கள், பெரிய தேடுபொறிகள் இதைச் செய்ய முயல்கின்றன. நமக்கு எளிய வழி, சொல்லை வெட்டித் தேடுவது. 'கிண' என்று போட்டேன், எல்லாம் வந்தது. கிணத்துக்கடவு போகும் பஸ் நேரம் ஒன்றும் வந்தது, பரவாயில்லை.

தேடும்போது கணினி ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் நேரமாகும். அதனால் முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும்: இந்தச் சொல், இந்த இந்த இடங்களில். இதுதான் இண்டெக்ஸ். ஆராய்ச்சி நூல்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவும் இதே சாமான்தான். கூகுளில் தேடும்போது அந்த நொடியில் அது இணையத்தையே அலசுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அலசுவது ஏற்கெனவே போட்டு வைத்த அடைவை. அடைவில் ஏறாத பக்கம் இருந்தும் இல்லாததுதான்.

இனி அடுக்கும் பிரச்சினை. நான் முதலில் போல்டர் போட்டேன்: 5 எச்பி ஒரு போல்டர், 7.5 ஒரு போல்டர். மாமா சொன்னார், "நான் எச்பி பார்த்துத் தேட மாட்டேன், கம்பெனி பார்த்துத்தான் தேடுவேன்." கம்பெனிவாரியாக மாற்றினேன். கடைப் பையன் சொன்னான், வாடிக்கையாளர் ஊர் பார்த்துத்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று. போல்டரின் குணமே இதுதான், ஒரு பொருள் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும், பீரோவில் ஒரு சட்டை இரண்டு தட்டில் இருக்க முடியாத மாதிரி. டேக், அதாவது குறிச்சொல், அப்படியில்லை. ஒரே பதிவின் மேல் '5எச்பி', 'கிணறு', 'பொள்ளாச்சி' என்று எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆனால் டேக்குக்கும் ஒரு நோய் உண்டு. இன்று 'கிணறு' என்று ஒட்டுவீர்கள், நாளைக்கு 'கிணற்று மோட்டார்', அடுத்த மாதம் 'வெல்'. ஒரு வருடத்தில் நானூறு டேக் சேர்ந்துவிடும், ஒன்றும் உதவாது. அதனால் இன்னின்ன சொற்கள்தான், இதற்குக் கீழே இது என்று முதலிலேயே முடிவு செய்து வைப்பதை டேக்சானமி என்கிறார்கள். வகைப்பாடு. பெயர்தான் பெருசு, மளிகைக் கடையில் பருப்பு வரிசை, எண்ணெய் வரிசை என்று அடுக்குவதும் அதுதான்.

இந்த 'எந்தப் பக்கமிருந்து தேடினாலும் கிடைக்க வேண்டும்' என்ற சிக்கலோடு மல்லுக்கட்டியவர் நம் ஊர்க்காரர் ஒருவர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, படிப்புக்காக லண்டன் போனார். அப்போது நூலக உலகத்தில் டூயி முறை பெரிய ஆள், 1876இல் அமெரிக்காவில் வந்தது, எல்லா அறிவையும் பத்தாகப் பிரித்து, அதைப் பத்துப் பத்தாக வெட்டிக்கொண்டே போகும். நம் தமிழ் இலக்கியத்துக்கு அதில் கிடைத்த இடம் 894.811. 'மற்ற மொழிகள்' என்ற மூட்டைக்குள் தள்ளி, புள்ளிக்கு அப்புறம் ஒரு மூலை. ரங்கநாதன் லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகரப் பட்டைகளும் நட்டு போல்டும், அதே துண்டுகளை வைத்து விதவிதமான பொம்மைகளைக் கட்டலாம். புத்தகத்துக்கும் இப்படிச் செய்தால் என்ன? ஒரே மரத்தில் ஒரு கிளை தேடி உட்கார வைப்பதற்குப் பதில், பொருள் என்ன, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று தனித்தனித் துண்டுகளாக எடுத்துக் கோத்தால்? 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாடு இந்த யோசனைதான். அந்தத் துண்டுகளுக்கு ஃபேசட் என்று பெயர், பட்டைதீட்டிய கல்லின் முகம் போல. ஆன்லைன் கடையில் சட்டை வாங்கும்போது ஓரத்தில் விலை, நிறம், அளவு, துணி என்று டிக் போட்டு வடிகட்டுகிறீர்களே, அதே சிந்தனைதான், எந்த டிக்கை முதலில் போட்டாலும் அதே சட்டைக்கு வந்து சேரலாம்.

மாமாவின் நோட்டுக்கும் அதையே செய்தேன். போல்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரு எக்செல் ஷீட். ஒரு மோட்டாருக்கு ஒரு வரிசை, அது ரெக்கார்டு. எச்பி, ஸ்லாட், சுற்று, கேஜ், கம்பெனி, ஊர் என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. கட்டத்துக்குள் என்ன போகலாம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். நான் எச்பி கட்டத்தில் சில இடத்தில் '5', சில இடத்தில் '5 எச்பி' என்று அடித்துத் தொலைத்தேன். வரிசைப்படுத்தினால் '10 எச்பி' வந்து '5 எச்பி'க்கு முன்னால் நிற்கிறது. எண்ணோடு எழுத்து சேர்ந்தால் எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது, அகராதி வரிசையில் பார்க்கும், அங்கே 1 எப்போதும் 5க்கு முன்னால். இன்னொன்று, ஒரே பெயரில் மூன்று வாடிக்கையாளர்கள், அதில் இரண்டு பேர் ஒரே ஊர். அதனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் யாரோடும் மோதாத ஒரு எண் கொடுத்தோம். இதை ப்ரைமரி கீ என்பார்கள். ஆதார் எண் நமக்குச் செய்யும் வேலை.

எக்செல் ஷீட்டுக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஷீட் நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்கும், டேட்டாபேஸ் கேட்காது. எச்பி கட்டத்தில் எண் மட்டும்தான் என்று விதி வைத்தால் எழுத்தை உள்ளேயே விடாது. ஒரு மோட்டாரின் பதிவைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தினாலும் குழம்பாது. மாமா கடைக்கு ஷீட் போதும். ஆன்டாலஜி என்று இன்னும் ஒரு படி மேலே உண்டு, பொருள்களை அடுக்குவதோடு நிற்காமல் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதையும் எழுதி வைப்பது: இது அதன் பாகம், இவர் அங்கே பிறந்தார், அது இதன் தலைநகர். 2012இல் தொடங்கிய விக்கிதரவு அப்படிப்பட்டதுதான், அங்கே சென்னைக்கு கியூ1352 என்று ஒரு எண், மெட்ராஸ் என்று தேடினாலும் சென்னை என்று தேடினாலும் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

மெமரி, ஸ்டோரேஜ், கேஷ் மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் ரூம் ஸ்டோரேஜ். வேலை செய்யும் மேசை மெமரி, அதாவது ரேம், சாயங்காலம் கடை சாத்தும்போது காலி செய்துவிடுவார்கள். அடிக்கடி தேவைப்படும் கேஜ் கம்பியை ஒவ்வொரு முறையும் ரூமுக்கு ஓடாமல் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டியிருக்கிறாரே, அது கேஷ். அதனால் போனில் 'கேஷை அழி' என்றால் பயப்பட வேண்டாம், ஆணி காலியாகும், திரும்ப ரூமிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே 'டேட்டாவை அழி' என்றும் ஒரு பட்டன் இருக்கும். அது அந்த ஆப்பின் ரூமையே காலி செய்வது.

அழிப்பது என்றதும், என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் போனில் இடமில்லை என்று வந்தது. எல்லாம்தான் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறெங்கோ இருக்கும் கணினியில், ஏறிவிட்டதே என்ற தைரியத்தில் நோட்டுப் படங்களில் ஒரு கட்டைப் போனிலிருந்து அழித்தேன். கிளவுடிலும் அழிந்தது. ஏனென்றால் அது சிங்க், ஒத்திசைவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஒரே லட்சியம், இங்கே அழித்தால் அங்கேயும் விசுவாசமாக அழிக்கும். குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடந்திருக்கும், நான் பார்க்கவில்லை. பேக்கப், அதாவது காப்பு நகல், என்பது அசலுக்கு என்ன ஆனாலும் தான் மாறாமல் இருப்பது. மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்றாவது வேறு இடத்தில் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நாற்பது பக்கம் போனது. நல்லவேளை பேக்கப் இருந்தது: அட்டை கிழிந்த அந்த நோட்டுதான். திரும்ப உட்கார்ந்து படம் எடுத்தேன், மாமா எதுவும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

கடைசியாக நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட், அறிவு மேலாண்மை. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே துறை உண்டு. எல்லோரும் திருத்தக்கூடிய விக்கி வைப்பார்கள். 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைப் போட்டபோது ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள்படும் சொல்லைப் பெயராக எடுத்துக்கொண்டார், ஹொனலூலு விமான நிலைய பஸ்ஸின் பெயரிலிருந்து. மென்பொருள் வாங்குவது சுலபம், அதில் எழுத ஆள் பிடிப்பதுதான் வேலை. அதைவிடப் பெரிய வேலை, எழுத வராத அறிவு. எழுத்தில் வைக்க முடிந்ததை எக்ஸ்பிளிசிட் அறிவு, வைக்க முடியாததை டாசிட் அறிவு என்று பிரிக்கிறார்கள். இரண்டாவதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம், கைப்பக்குவம்.

1980களில் ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனி வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரம் செய்யப் பார்த்தது. மேலே கருகும், உள்ளே வேகாது. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர், ஒசாகாவில் ரொட்டிக்குப் பேர் போன ஒரு ஓட்டலில் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் மாவு பிசையக் கற்றார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது கூடவே ஒரு முறுக்கு முறுக்கினார். அவருக்கே அது தனியாகத் தெரிந்திருக்காது. அந்த முறுக்கை இயந்திரத்துக்குள் கொண்டுவர உள்பக்கம் வரிகள் வைத்தார்கள், 1987இல் இயந்திரம் கடைக்கு வந்தது.

எங்கள் ஷீட்டில் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் காலி. கம்பியை எவ்வளவு இறுக்கி இழுக்க வேண்டும் என்று அதில் எழுதலாம் என்று போன வாரம் மாமாவிடம் கேட்டேன். யோசித்தார், "ரொம்ப இறுக்கினா இனாமல் உரியும், விட்டா ஸ்லாட்ல அடங்காது" என்றார். அதைத்தான் கேட்கிறேன், எவ்வளவு என்றேன். கம்பியின் முனையை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மறுமுனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். "இவ்வளவுதான்" என்றார். நான் இன்னொரு தடவை இழுங்க மாமா என்றேன்.